என்.ஓ.சி. போய் ரெஃபரன்ஸ் வந்தது

பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டத்தில் நடக்கும் பன்னாட்டுப் பள்ளிகளில் அக்டோபர், நவம்பர் வந்துவிட்டால் ஆசிரியர்களிடம் ஒரு படிவம் கொடுப்பார்கள். வரும் ஆகஸ்டில் தொடங்கும் கல்வியாண்டுக்கும் இங்கேயே இருக்கிறீர்களா, போகிறீர்களா என்பது கேள்வி. போவதாக எழுதினால் அந்த இடத்துக்கு உடனே ஆள் தேடத் தொடங்கிவிடுவார்கள். எழுதுகிறவர் கையிலோ அப்போது வேறு வேலை இருக்காது. அடுத்த ஆண்டு எந்த நாட்டில் குடியிருப்போம் என்பதும் தெரியாது. இருக்கிறேன் என்று எழுதிவிட்டு, ஜனவரியில் நல்ல இடம் அமைந்து கிளம்பினாலோ, சொன்ன சொல் தவறியவர் என்ற பெயர் அடுத்த பள்ளி வரை கூடவே போகும்.

வளைகுடாவின் இந்தியப் பள்ளிகளில் கணக்கு வேறு. அங்கே ஆண்டு ஏப்ரலில் பிறந்து மார்ச்சில் முடிகிறது; நடுவில் ஜூலை, ஆகஸ்ட் கோடை விடுமுறை. சி.பி.எஸ்.இ. பள்ளியிலிருந்து பிரிட்டிஷ் பள்ளிக்கு மாற நினைக்கும் ஆசிரியர், சில மாதம் வேலையில்லாமல் இருக்க முடியாதென்றால், ஒரு கல்வியாண்டை நடுவில் விட்டுத்தான் போக வேண்டும். இரண்டு நாட்காட்டிகளும் ஒத்துப்போகாததற்கு அவர் பொறுப்பல்ல. ஆனாலும் ரெஃபரன்ஸில் "ஆண்டின் நடுவில் விலகினார்" என்று வரும் வரி அவர் பெயரில்தான் நிற்கும்.

முன்கூட்டிச் சொல்வது, நோட்டீஸ் காலம் முழுவதும் வேலை பார்ப்பது, கசப்பில்லாமல் விடைபெறுவது, பதிலுக்கு நல்ல ரெஃபரன்ஸ் பெறுவது: வெளிநாட்டுப் பள்ளியை விட்டு முறையாக விலகுவது என்று இதைத்தான் சொல்கிறோம். இதன் முதல் பாதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். இரண்டாம் பாதியில் எனக்குக் கடுமையான ஆட்சேபம் உண்டு.

முதல் பாதி ஏன் சரி? ஊரில் ஒரு கணக்கு ஆசிரியர் நின்றுவிட்டால் பக்கத்துத் தெருவிலிருந்தாவது ஒருவரைக் கூட்டி வரலாம். துபாயில் அது முடியாது. புதிதாக வருகிறவரின் பட்டத்தையும் பி.எட். சான்றிதழையும் இந்தியாவில் அட்டெஸ்ட் செய்ய வேண்டும். தூதரக முத்திரை வேண்டும். கல்வி ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். போலீஸ் சான்று, மருத்துவச் சோதனை, விசா எல்லாம் முடிய வேண்டும். இதற்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பத்தாம் வகுப்பு மாணவர்கள், வேறு பாடம் நடத்தும் ஒருவரின் மேற்பார்வையில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். நோட்டீஸ் காலம் அந்தப் பிள்ளைகளுக்காக இருக்கிறது. பள்ளி முதலாளி மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அதைப் பிள்ளைகளின் பொதுத்தேர்வு ஆண்டில் தீர்த்துக்கொள்ளக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டப்படி, நோட்டீஸ் காலம் 30 நாளுக்குக் குறையக் கூடாது, 90 நாளுக்கு மேல் போகவும் கூடாது. சோதனைக் காலத்திலேயே விலகி அமீரகத்துக்குள் வேறு இடத்தில் சேர்வதென்றால் ஒரு மாதம், நாட்டை விட்டே போவதென்றால் 14 நாள். கத்தாரில் இரண்டு ஆண்டு வரை வேலை பார்த்தவருக்கு ஒரு மாதம், அதற்கு மேல் பார்த்தவருக்கு இரண்டு மாதம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாளிலேயே இந்த எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பலர் விலகும் வாரத்தில்தான் அந்தப் பக்கத்தைத் தேடுகிறார்கள்.

இனி இரண்டாம் பாதி. வளைகுடாவில் நீண்ட காலம் ஆசிரியர்களைக் கட்டிப்போட்டது என்.ஓ.சி. என்ற ஒரு தாள். பழைய முதலாளி ஆட்சேபம் இல்லையென்று எழுதித் தராவிட்டால் புதிய இடத்தில் சேர முடியாது. கத்தார் 2020இல் அந்த நிபந்தனையை நீக்கியது. ஓமன் 2021 ஜனவரி முதல், ஒப்பந்தம் முடித்தவர்கள் அது இல்லாமலே இடம் மாறலாம் என்றது. சவூதியும் அதே ஆண்டு மார்ச்சில் ஓராண்டு முடித்தவர்களுக்கு வழி திறந்தது. இவை பெரிய மாற்றங்கள். ஆனால் பள்ளி உலகத்தில் அந்தத் தாள் போன இடம் காலியாகவே இருக்கவில்லை. ரெஃபரன்ஸ் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. பிரின்சிபால் இன்று ஒருவரைத் தடுக்க எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியதில்லை. புதிய பள்ளி அனுப்பும் படிவத்தில் "இவரை மீண்டும் வேலைக்கு எடுப்பீர்களா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று குறித்தால் போதும்.

நம் ஆசிரியர்கள் பலர் இங்கே இரண்டு தாள்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் என்பது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன பதவியில் வேலை பார்த்தார் என்ற விவரம். அமீரகச் சட்டப்படி கேட்டால் கட்டணம் இல்லாமல் அதைத் தந்தே ஆக வேண்டும். ஊழியரின் பெயரைக் கெடுக்கும், வேலை வாய்ப்பைக் குறைக்கும் எதையும் அதில் எழுதக் கூடாது. அது உரிமை. ரெஃபரன்ஸ் அப்படியல்ல. ஒரு பள்ளித் தலைவர் இன்னொரு பள்ளித் தலைவருக்கு நேரடியாகச் சொல்லும் கருத்து அது. பன்னாட்டுப் பள்ளிகளுக்கு ஆள் சேர்க்கும் பெரிய முகமைகளில் அது ரகசியமாகவே போய்ச் சேரும். யாரைப் பற்றியதோ அவர் கண்ணில் படாது. "சம்பந்தப்பட்டவர்களுக்கு" என்று தொடங்கும் பொதுவான பாராட்டுக் கடிதத்தைப் பத்திரப்படுத்தி ஊருக்குக் கொண்டுவருகிறோம். உள்ளூர்த் தனியார் பள்ளியில் அதற்கு மதிப்பு உண்டு. இங்கிலாந்துப் பள்ளிகளுக்கான குழந்தைப் பாதுகாப்பு வழிகாட்டுதலோ, அந்த மாதிரித் திறந்த கடிதத்தை நம்ப வேண்டாம், எழுதியவரிடமே நேராகக் கேட்டு உறுதி செய்யுங்கள் என்கிறது. வெளிநாட்டுப் பிரிட்டிஷ் பள்ளிகள் பலவும் அதையே பின்பற்றுகின்றன.

இந்த ரகசியத்தை அப்படியே ஒழித்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வில்லியம் வேஹி என்ற அமெரிக்க ஆசிரியரின் வழக்கை அறிந்த யாரும் சொல்ல மாட்டார்கள். 1969இல் கலிபோர்னியாவில் குழந்தைகளிடம் பாலியல் குற்றம் செய்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர். அதன் பிறகு சுமார் நாற்பது ஆண்டுகள் சவூதி, இந்தோனேசியா, வெனிசுலா, லண்டன், நிகராகுவா என்று நாடு நாடாகப் பன்னாட்டுப் பள்ளிகளில் வேலை பார்த்தார். 2014இல் நிகராகுவாவில் அவருடைய யு.எஸ்.பி. டிரைவ் ஒன்று பிறர் கையில் சிக்கிய பிறகே உண்மை வெளிவந்தது. அவர் தற்கொலை செய்துகொண்டார். ஒவ்வொரு பள்ளிக்கும் முந்தைய பள்ளியின் சொல்தான் நம்பிக்கை. அந்தச் சொல் அவரைத் தடுக்கவில்லை. அதே ஆண்டு பன்னாட்டுப் பள்ளி அமைப்புகள் கூடிக் குழந்தைப் பாதுகாப்புக்கென ஒரு பணிக்குழுவை அமைத்தன. கடைசியாகக் குழந்தைகளோடு வேலை பார்த்த இடத்தின் தலைவரிடமே கேள், தொலைபேசியில் பேசி உறுதி செய், வேலை பார்க்காத இடைவெளிகளுக்கு விளக்கம் கேள் என்ற கெடுபிடிகளுக்கு இப்படிப்பட்ட வழக்குகளே வலுச் சேர்த்தன. அவை தேவை. ஒரு நல்ல ஆசிரியருக்கு அவை தொல்லையாக இருந்தாலும் தேவை.

எனக்கு வருத்தம் தருவது, கேட்கும் கேள்விகளை அந்தக் கெடுபிடியின் நோக்கத்தோடு நிறுத்தாததுதான். பிள்ளைகளுக்கு இவரால் ஆபத்து உண்டா என்பது ஒரு கேள்வி. பாடம் நன்றாக நடத்தினாரா என்பது இன்னொன்று. எங்களுக்கு வசதிப்பட்ட மாதத்தில் விலகினாரா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே படிவம், ஒரே கையெழுத்து. ஆகவே நடப்பது தலைகீழாக இருக்கிறது. சந்தேகத்துக்கு உரியவரை வழக்கு வம்பு வேண்டாமென்று மென்மையான கடிதத்தோடு வழியனுப்பிவிடும் நிர்வாகம் உண்டு. அம்மாவுக்குப் புற்றுநோய் என்று பருவத்தின் நடுவில் ஊருக்குக் கிளம்பிய ஆசிரியையைப் பற்றி "நம்பகத்தன்மை குறைவு" என்று எழுதத் தயங்காத நிர்வாகமும் உண்டு. நான்கு ஆண்டு வேலையை நான்கு வாரத்தை வைத்து அளப்பது நேர்மையான மதிப்பீடு ஆகாது.

ஜூலை விடுமுறைக்கு ஊருக்குப் போய், திரும்பி வராமல் அங்கிருந்தே மெயிலில் ராஜினாமா அனுப்பும் வழக்கம், இப்படிப்பட்ட நிர்வாகங்கள் மேல் உள்ள அச்சத்தின் விளைவு. சொல்லாமல் போவது தவறு என்பதே என் முடிவு. அமீரகத்தில் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் காரணமின்றி வராவிட்டால் நோட்டீஸ் இல்லாமலே வேலை நீக்கலாம். அதற்கு மேல், முறையின்றி வேலையை விட்டார் என்ற பதிவும் வந்தால் திரும்பி அந்த நாட்டில் வேலை தேடுவது சிக்கலாகும். ஆனால் அப்படிப் போகிறவர்கள் எல்லாரும் பொறுப்பற்றவர்கள் என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படிப் போகும் ஓர் ஆசிரியையின் பிள்ளைகள் பெரும்பாலும் அதே பள்ளியில் கட்டணச் சலுகையில் படிக்கிறார்கள். குடும்பத்தின் விசாவே சில வீடுகளில் அவர் பெயரில் இருக்கிறது. வங்கிக் கடன் சம்பளக் கணக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. முன்கூட்டிச் சொன்னால் விடுமுறைச் சம்பளத்தை நிறுத்திவிடுவார்கள், டிக்கெட் தரமாட்டார்கள் என்று முன்பு போனவர்கள் சொல்லிக் கேட்டிருப்பார். சொன்னவருக்குத் தண்டனை கிடைப்பதைக் கண்ணால் பார்த்தவர் சொல்லாமல் போகக் கற்றுக்கொள்கிறார். முறையாக விலகு என்று ஆசிரியருக்கு அறிவுரை சொல்லும் பள்ளி, முறையாக விலகிய முந்தைய ஆசிரியரை எப்படி நடத்தியது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இப்படிச் சாய்ந்திருக்கும் ஏற்பாட்டுக்குள் நின்றுகொண்டே ஆசிரியர் தன்னைக் காத்துக்கொள்ள வழி இருக்கிறது. அது விலகும் மாதத்தில் தொடங்குவதில்லை. பிரின்சிபால் ஒருவரையே நம்பி இருப்பதுதான் பெரிய ஆபத்து. வளைகுடாப் பள்ளிகளில் பிரின்சிபால்களே இரண்டு மூன்று ஆண்டில் மாறிவிடுவது சாதாரணம். நம் வகுப்பை வந்து பார்த்தவர் போய், நம்மைத் தெரியாதவர் அந்த நாற்காலியில் இருப்பார். ஆகவே வகுப்பைக் கவனித்த துறைத் தலைவர், கூடவே பாடத்திட்டம் போட்ட மூத்த ஆசிரியர், தேர்வுப் பிரிவின் பொறுப்பாளர் ஆகியோரிடம் நல்ல உறவு இருக்கும்போதே, அவர்கள் பள்ளியை விட்டுப் போவதற்கு முன்பே கேட்டு வைக்க வேண்டும். "மேடம், நாளைக்கு யாராவது கேட்டால் என் வேலையைப் பற்றிச் சொல்வீர்களா?" என்று வாய்விட்டுக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அவர் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில். அவர் பெயரைக் கொடுக்காமல் இருக்கலாம். வகுப்பைப் பார்வையிட்டவர்கள் எழுதிய குறிப்புகள், ஆண்டு மதிப்பீடு, தேர்வு முடிவுகள் ஆகியவற்றில் தனக்குத் தரப்பட்ட பிரதியைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளி மெயில் கணக்கை மூடிவிட்டால் பிறகு எதையும் எடுக்க முடியாது.

சொல்லும் முறையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. பிரின்சிபாலிடம் முதலில் நேரில் சொல்ல வேண்டும். ஸ்டாஃப் ரூம் வழியாக அவர் காதுக்குப் போகக் கூடாது. கடிதத்தில் ஒப்பந்தத்தின் நோட்டீஸ் பிரிவு, கடைசி வேலை நாள், ஒரு வரி நன்றி; இவை போதும். குறைகளை அதில் எழுதுவதால் எந்தக் குறையும் தீர்ந்து நான் பார்த்ததில்லை. சம்பள பாக்கி போன்ற உண்மையான வழக்கு என்றால் அதற்குத் தொழிலாளர் அமைச்சகம் இருக்கிறது. கடிதம் கிடைத்தது என்று பதில் மெயில் வாங்க வேண்டும். விசா கேன்சல் தாளில் எல்லா பாக்கியும் பெற்றுக்கொண்டேன் என்ற வாசகம் இருக்கும். கிராஜுவிட்டி வருவதற்கு முன் அதில் கையெழுத்திடக் கூடாது. அமீரகச் சட்டப்படி, ஓராண்டு முடித்தவருக்கு முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன்பின் ஆண்டுக்கு 30 நாள்; வேலை முடிந்த 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பணத்தைக் கேட்டால் ரெஃபரன்ஸ் கெட்டுப்போகும் என்று பலர் பேசாமல் வருகிறார்கள். அந்த மௌனத்தை நாகரிகம் என்று புகழ நான் தயாரில்லை.

மாற வேண்டியது பள்ளிகளின் படிவம். பிள்ளைகளின் பாதுகாப்புப் பற்றிய கேள்வியைத் தனியே, ரகசியமாக, கட்டாயமாக வைக்கட்டும்; அங்கே எந்தச் சலுகையும் வேண்டாம். பாடம் நடத்தியது பற்றிய மதிப்பீட்டை வகுப்பைப் பார்த்தவர் எழுதட்டும். ஆசிரியரும் அதைப் படிக்கட்டும், மறுப்பு இருந்தால் அதே தாளில் எழுதட்டும். எந்த மாதம் விலகினார் என்பது தேதியாக மட்டும் இருக்கட்டும். அந்தத் தேதி ஆண்டின் நடுவில் விழுந்தால், ஏன் என்று கேட்க வேண்டிய இடம் புதிய பள்ளியின் நேர்காணல். மூன்று மாதம் சம்பளம் வராமல் கிளம்பியவரும், கூடுதல் சம்பளத்துக்காக ஒரே வாரத்தில் கிளம்பியவரும் ஒரே பதிலைச் சொல்ல மாட்டார்கள். எதிரே உட்கார்ந்து கேட்கும் தலைமை ஆசிரியருக்கு அந்த வித்தியாசத்தைப் பழைய பள்ளியின் ஒரு டிக் குறி சொல்லிவிடாது.