காக்காப்பொன்னில் ஒரு ராட்டைக்காரி

உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய காக்காப்பொன் தகடு. கொஞ்சம் அழுத்தினால் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். அதன்மேல் ராட்டையோடு உட்கார்ந்திருக்கிறாள் ஒரு பெண். 19ஆம் நூற்றாண்டில், வெள்ளைக்காரர்கள் வாங்கிப் போகவென்று திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் தொழிலுக்கொரு படமாகத் தீட்டிய வரிசையில் வந்தவள். காகிதம் வண்ணத்தைக் குடிக்கும், காக்காப்பொன் குடிக்காது. அந்த வழுக்கலில் சேலையின் சிவப்பைத் திட்டுத்திட்டாக ஒதுங்காமல் நிறுத்தியிருக்கிறதே அந்தக் கை, அதைத்தான் வியந்து பார்க்கிறேன். பின்புலம் வெறுமை, வெளிச்சத்தில் பிடித்தால் அவளைச் சுற்றி ஒளி மட்டும்.

ஒரு கை சக்கரத்தைச் சுற்ற, மறுகை பஞ்சை மெல்ல இழுக்கிறது. கதிருக்கும் விரலுக்கும் நடுவே மயிரிழையாய் ஒரு கோடு, அதுதான் நூல். மூச்சை அடக்கிக்கொண்டுதான் ஓவியர் அதை இழுத்திருப்பார். அவளும் அப்படித்தான் நூற்றிருப்பாள். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் வாழைநாரில் பூத்தொடுக்கும் அம்மாவின் மணிக்கட்டிலும் அந்த ராட்டைக்காரியின் கைச்சாய்வையே பார்க்கிறேன். பேசிக்கொண்டே இருப்பார், முடிச்சு மட்டும் தளராது.