உழுசால் தடங்களும் ஹாஸ்கின்ஸின் நூலும்

இங்கிலாந்தின் நடுநாட்டு மேய்ச்சல் நிலங்களில் குளிர்கால மாலை வெயில் சாய்ந்து விழும்போது ஒரு காட்சி புலப்படும். நண்பகலில் வெறும் புல்வெளியாகத் தோன்றிய நிலம், அவ்வேளையில் மேடும் பள்ளமுமாய், அலை அலையாய் மடிப்பு விழுந்து கிடக்கும். அம்மேடுகள் இயற்கையில் அமைந்தவை அல்ல. இடைக்கால உழவர் தலைமுறை தலைமுறையாய் ஏர் ஓட்டியதால் எழுந்தவை. அவற்றைக் காணாது கடந்தோர் பலர். அவற்றைப் படிக்கத்தக்க எழுத்தெனக் கொண்டு பொதுமக்களுக்கும் படித்துக் காட்டியவருள் முதன்மையானவர் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ். 1955ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘ஆங்கில நிலத்தோற்றத்தின் உருவாக்கம்’ என்னும் நூலின் நிறையும் குறையும் ஈண்டு ஆராயத்தக்கன.

நூலின் அருமையை உணர, முதற்கண் அம்மேடுகள் எழுந்த விதத்தை அறிதல் வேண்டும். தமிழர் அறிந்த நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறிச் செல்வது. மண் இருபுறமும் ஒதுங்கும். இடைக்கால இங்கிலாந்தின் கனத்த கலப்பையிலோ கொழுவின் பின்னே ஒரு பலகை பொருத்தப்பட்டிருந்தது. அது மண்ணை ஒரு பக்கமாகவே புரட்டித் தள்ளும். நீண்டு ஒடுங்கிய வயல் துண்டினை உழவன் சுற்றிச் சுற்றி உழுதபோது, புரண்ட மண் ஒவ்வொரு முறையும் நடுப்பக்கமாகவே சேர்ந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல நடுவே முதுகுபோல் மேடு எழுந்தது. இரு மேடுகளுக்கிடையே மழைநீர் வடியும் பள்ளம் அமைந்தது. மேடுகள் நூல் பிடித்தாற்போல் நேராக இருப்பதில்லை. இரு முனைகளிலும் எதிரெதிர்ப் பக்கமாக மெல்ல வளையும். பல எருதுகள் இணை இணையாய்ப் பூட்டிய நீண்ட ஏர், வயலின் கடைசியில் திரும்புவதற்கு முன்னரே பக்கம் சாயத் தொடங்க வேண்டியிருந்தது என்பர். அந்த எருதுகளின் நடையே நிலத்தில் வளைவாய் நிற்கிறது. ஏரையே காணாத இக்கால மாணாக்கர்க்கும் இதனைக் கரும்பலகையில் நான்கு கோடுகளால் வரைந்து காட்டிவிடலாம்.

இம்மேடுகள் இத்தனை நூற்றாண்டுகள் அழியாதிருந்தது எங்ஙனம்? உழவு நின்றதனால்தான்! நிலம் புல்லுக்கு விடப்பட்டது. புல் தன் வேரால் மேடுகளைக் காத்தது. உழவு நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் ஆடு. பதினைந்தாம் நூற்றாண்டிலும் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தானியத்தைவிடக் கம்பளி மிகுந்த ஊதியம் தரவே, நிலக்கிழார் பலர் குடிகளை அகற்றி ஆட்டுக்கு நிலத்தைத் தந்தனர். லெஸ்டர்ஷயரில் உள்ள இங்கர்ஸ்பி என்னும் ஊரை 1469இல் வேலியிட்டு மேய்ச்சல் நிலமாக்கியது லெஸ்டர் மடம். ஊர்த் தெரு இன்று புல் மூடிய பள்ளம். வீடு நின்ற இடங்கள் தாழ்ந்த திட்டுகள்.

இத்தகைய ஊர்களை அழித்தது 1348இல் வந்த கொள்ளை நோயே என்பது மக்களிடையே வழங்கிய கதை. ஹாஸ்கின்ஸ் 1940களிலேயே லெஸ்டர்ஷயரின் கைவிடப்பட்ட ஊர்களை ஆராய்ந்தார். மாரிஸ் பெரஸ்ஃபோர்டு 1954இல் ‘இங்கிலாந்தின் தொலைந்த ஊர்கள்’ என்ற நூலை வெளியிட்டார். நோய் பல ஊர்களை நலிவித்தது உண்மையே. ஆயினும் பெரும்பாலான ஊர்களை வெறுமையாக்கியது மனிதரின் கணக்கே என்பதை இவ்விருவரும் காட்டினர்.

ஹாஸ்கின்ஸின் நூல் உயர்ந்து நிற்பது இவ்விடத்தில்தான். ஏட்டில் இருப்பவை அரசர் கணக்குகளும் மடத்துப் பத்திரங்களும். எழுத்தறியா உழவன் விட்டுச் சென்ற ஆவணம் அவன் உழுத மண் ஒன்றே. அவ்வாவணத்தைப் பத்திரங்களோடு ஒப்பவைத்து அவர் படித்தார். ஆவணக் காப்பகத்தில் அமர்ந்திருந்தால் மட்டும் போதாது, சேறு மிதிக்கும் செருப்பும் வேண்டும் என்பது அவர் கொள்கை. நடை எளியது; அதில் வருத்தமும் சினமும் மறைவின்றித் தோன்றும். வரலாற்றாசிரியர்க்கு உணர்ச்சி ஆகாது என்பாருக்கு இந்நூல் தக்க விடையாகும்.

எனினும் குறைகள் இல்லாமல் இல்லை. நிலத்தின் தொன்மையை நூல் குறைத்தே மதிப்பிட்டது. காட்டைத் திருத்தி நாடாக்கிய பணியிற் பெரும்பங்கை ஆங்கிலோ-சாக்சன் குடிகளுக்கே அது அளித்தது. ஆனால் ஆசிரியர் பிறந்த டெவன் மாவட்டத்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்திலேயே, கல்லும் மண்ணும் கொண்டு மைல்கணக்கில் ஓடும் வயலெல்லைகள் வெண்கலக் காலத்தவை என்பது 1970களில் ஆண்ட்ரூ ஃபிளெமிங்கின் ஆய்வால் தெளிவாயிற்று. அவை கிறித்துவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. பிற்காலப் பதிப்பில் ஹாஸ்கின்ஸே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். ஆதலின் இதனைப் பெருங்குறையாகக் கொள்ள வேண்டுவதில்லை.

இறுதி இயலின் குறையோ வேறு வகையானது. சிறப்பாக 1914க்குப் பின் நிலத்தில் நேர்ந்த மாற்றம் யாவும் அழகைக் கெடுத்தன, அல்லது பொருளைக் கெடுத்தன என்று அவ்வியலில் அவர் ஒரேயடியாகத் தீர்ப்பளிக்கிறார். விமானத் தளங்களையும் வானில் இரையும் போர் விமானங்களையும் அவர் வெறுத்தார். இரண்டாம் உலகப்போர் முடிந்து பத்தாண்டே ஆன நிலையில் அவ்வெறுப்பு இயல்பே. ஆயினும் இடைக்கால மேட்டைப் பொறுமையுடன் படித்த கண், தன் காலத்து மேட்டைப் படிக்க மறுத்துவிட்டது. குடிகளை விரட்டிய வேலியையும் வரலாறாகக் கொண்டவர், விமான ஓடுபாதையை வரலாறாகக் கொள்ளாதது ஏன்? நூலுக்குள் இதற்கு விடை இல்லை.

அவர் வெறுத்த விமானமே இத்துறைக்குக் கண்ணாக அமைந்தது என்பதையும் மறத்தல் ஆகாது. முதல் உலகப்போரில் விமானத்திலிருந்து நோட்டமிட்ட ஓ. ஜி. எஸ். கிராஃபோர்டுதான், 1928இல் அலெக்சாண்டர் கைலருடன் இணைந்து ‘வானிலிருந்து வெசெக்ஸ்’ என்னும் நூலை வெளியிட்டு, தொல்வயல்களை வானிலிருந்து காணும் முறையை நிலைநாட்டினார். தரையில் நிற்பவனுக்குக் குழப்பமாய்த் தோன்றும் மேடு பள்ளங்கள், மேலிருந்து நோக்கின் தெருவாகவும் மனையாகவும் வயலாகவும் பிரியும். ஹாஸ்கின்ஸின் நூலிலும் வான்படங்கள் உள்ளன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து செயின்ட் ஜோசஃப் போருக்குப் பின் எடுத்த படங்கள் பெரஸ்ஃபோர்டின் ஆய்வுக்கும் துணை நின்றன.

போருக்குப் பின் டிராக்டரும் அரசின் மானியமும் சேர்ந்து நடுநாட்டுப் புல்நிலங்களை மீண்டும் விளைநிலமாக்கின. ஐந்நூறு ஆண்டுகள் புல்லின் கீழ்க் காக்கப்பட்ட மேடுகள் சில பருவங்களிலேயே மட்டமாயின. ஹாஸ்கின்ஸ் நடந்து கண்ட உழுசால் மேடுகளுள் பல இன்று நிலத்தில் இல்லை. 1940களில் அரச விமானப்படையினர் எடுத்த படங்களில், வளைந்த கோடுகளாய் அவை இன்றும் காணக் கிடைக்கின்றன.