எல்லாப் பழியும் ஜெட் காற்று மேலயா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்ததுன்னு சொல்றதைவிட வந்து உட்கார்ந்துடுச்சுன்னு சொல்லணும். பல மணி நேரம் நகரவே இல்லை. செஞ்சிக்குத் தென்கிழக்கே மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அதுக்கு அப்புறம் எங்க பக்கம் வாட்ஸ்அப்பில் சுத்தின விளக்கங்கள் சிலவற்றில் குற்றவாளி 'ஜெட் ஸ்ட்ரீம்'. கேட்க அறிவியல் மாதிரிதான் இருக்கு. ஆனா கணக்கு இடிக்குது.

குளிர்கால ஜெட் எங்கே ஓடுது? சுமார் 12 கி.மீ. உயரத்தில், வட இந்தியாவுக்கு மேல, 27 டிகிரி அட்சரேகையை ஒட்டி. செஞ்சி இருக்கிறது 12¼ டிகிரியில். இடைவெளி 1,600 கி.மீ.க்கு மேல.

ஏன் அங்கேயே ஓடுது? நிலநடுக்கோட்டில் மேலெழும் காற்று வடக்கே போகப் போக, பூமியின் அச்சுக்கு நெருங்குது. கோண உந்தம் மாறாம இருக்கணும்னா கிழக்கு நோக்கி வேகம் கூடியே ஆகணும். உராய்வு, கலப்பு எதுவும் இல்லைன்னு வெச்சு பைத்தானில் நாலு வரி போட்டுப் பாருங்க: 30 டிகிரியில் மணிக்கு 480 கி.மீ. வருது. செஞ்சியில் வெறும் 77. நிஜத்தில் இரண்டுமே இதைவிடக் குறைவு. அதாவது நம்ம அட்சரேகையில் இந்த ஜெட் உருவாகவே முடியாது.

நம்ம தலைக்கு மேல ஓடுற ஜெட் வேற ஒண்ணு. தென்மேற்குப் பருவக்காலத்தில், எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்கா ஓடும். 1958இல் அதை விவரிச்சு எழுதினவர் நம்ம வானிலைத் துறையின் பி. கோட்டீஸ்வரம். விளக்கம் சொல்றவங்க பலர் இந்த ரெண்டையும் ஒரே பேரில் குழப்பிடறாங்க.

குளிர்கால ஜெட்டுக்கு வங்கக்கடலில் வேலையே இல்லைன்னு சொல்லலை. அதோட வளைவு தெற்கே இறங்கினா வறண்ட காற்றைத் தள்ளும், புயலின் தலையைச் சாய்க்கும், சில புயல்களை வடகிழக்கே திருப்பியும் விடும். ஆனா இதெல்லாம் புயலை நகர்த்துற, இல்லை பலவீனமாக்குற வேலை. ஃபெஞ்சல் நின்னதுக்குக் காரணம் நேர்மாறு: இரண்டு பக்கமும் உயரழுத்தம், நடுவில் அதைத் தள்ள ஒரு வலுவான காற்று இல்லை.

அடுத்த புயலுக்கு விண்டி ஆப்பைத் திறந்தா 200 ஹெக்டோபாஸ்கல் சிவப்புப் பட்டையை விட்டுட்டு, முதல்ல 700-ஐயும் 500-ஐயும் பாருங்க. அங்கே புயலைச் சுத்தி வெளிறிக் கிடந்தா, சங்கராபரணிக் கரையில் இருக்கிறவங்க அன்னிக்கே மேட்டுக்குப் போறது நல்லது.