கேட்காமல் விட்ட கேள்விகள்

புது வெப் ப்ராஜெக்ட் தொடங்கும்போது திரையில் வரும் முதல் சில கேள்விகளிலேயே அந்தக் கருவியைச் செய்தவரின் கைத்திறன் தெரிந்துவிடும். நல்ல விஸார்ட், நமக்கு மட்டுமே தெரிந்ததைக் கேட்கும். மற்றதைத் தானே முடிவுசெய்து, பின்னால் மாற்றிக்கொள்ள வழி வைக்கும்.

மும்பையில் பிறந்த வெப் ஃப்ரேம்வொர்க்கான ஃப்ராப்பேயைப் பாருங்கள். ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற வணிக மென்பொருள் இதன்மேல் கட்டியதுதான். 'பெஞ்ச் நியூ-ஆப்' என்று அடித்தால், முன்பெல்லாம் தலைப்பு, விவரம், வெளியிடுபவர், மின்னஞ்சல் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, ஐகான் என்ன, நிறம் என்ன என்றும் கேட்கும். ஒரு வரி கோடுகூட எழுதாதவருக்கு நிறத்தைப் பற்றி என்ன தெரியும்? அதுவே வைத்திருக்கும் 'கிரே'யை ஏற்று என்டர் தட்ட வேண்டியதுதான். பின்னாளில் அந்த இரண்டு கேள்விகளையும் எடுத்துவிட்டார்கள். உரிமம் பற்றிய கேள்வி இன்றும் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும், நம் உழைப்பை என்ன நிபந்தனையில் கொடுப்பது என்று நாம்தானே சொல்ல முடியும்.

பலமனேர் போன்ற சிறிய ஊரில் கேள்வி குறைவதன் அருமை கூடுதலாகப் புரியும். பெங்களூரு அலுவலகத்தில் 'ஆப் ரூட்டர் வேண்டுமா, இம்போர்ட் அலியாஸை மாற்றணுமா' என்று நெக்ஸ்ட் ஜேஎஸ் கேட்டால், பக்கத்து இருக்கையில் இருப்பவரைக் கேட்டுக்கொள்ளலாம். இங்கே ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து வீட்டில் உட்கார்ந்து படிக்கும் மாணவிக்கு அந்தக் கேள்வியே சுவர். 2025 அக்டோபரில் வந்த நெக்ஸ்ட் ஜேஎஸ் 16 அந்த வரிசையைச் சுருக்கியபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. 'பரிந்துரைத்ததையே வைத்துக்கொள்ளலாமா' என்ற கேள்விக்கு ஆம் சொன்னால் போதும்.

ஆனால் கேள்வியைக் குறைப்பது வேறு, விடையை ஒளித்துவைப்பது வேறு. 2016இல் வந்த க்ரியேட் ரியாக்ட் ஆப் பெயரைத் தவிர எதையும் கேட்காது. வெப்பேக், பேபல் போன்ற உள்கருவிகள் எல்லாவற்றையும் உள்ளே பூட்டிவைத்தது. திறந்து பார்க்க 'இஜெக்ட்' கொடுத்தால் திரும்பிவர வழியில்லை. 2025 பிப்ரவரியில் அதை விலக்கினார்கள்.

இந்தக் கலையின் உச்சம் என்று நான் சொல்வது பைத்தான் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவின் 'ஸ்டார்ட்ப்ராஜெக்ட்'டைத்தான். 2013 நவம்பரில் 1.6 வரும்வரை, செட்டிங்ஸ் கோப்பில் டேட்டாபேஸ் எஞ்சின் பெயர் ஒரு புள்ளியோடு பாதியில் நிற்கும். நான்கு பெயர்களைக் குறிப்பில் சொல்லி, ஒன்றை நீயே நிரப்பிக்கொள் என்று விட்டிருந்தார்கள். அட்மின் வேண்டுமானால் குறிப்பாக வைத்திருந்த வரிகளைத் தேடித் திறந்துவிட வேண்டும். 1.6இல் அந்த இடத்தில் எஸ்க்யூலைட் உட்கார்ந்தது. பைத்தானோடு வருவதால் தனியாக சர்வர் எதுவும் நிறுவ வேண்டாம். அட்மினும் முதலிலேயே தயார். கேள்வியே இல்லை, ஆனால் எடுத்த முடிவுகள் எல்லாம் ஒரே கோப்பில் வெளிச்சமாக, பலவற்றுக்கும் எங்கே படிக்கலாம் என்ற சுட்டியோடு இருக்கின்றன. டீபக்கை 'ட்ரூ' என்று வைத்த வரிக்கு மேலேயே, இதோடு தளத்தை வெளியிடாதே என்ற எச்சரிக்கையும் எழுதியிருக்கிறது.