பரிசும் பரிவும்

இசை செவிக்குரியது, இசைக் காணொளியோ கண்ணையும் கருதிப் படைக்கப்படுவது. இவ்விரண்டையும் ஒருசேர மதிப்பிட முற்பட்டதே எம்.டி.வி. ஜப்பான் 2002ஆம் ஆண்டில் தொடங்கிய இசைக் காணொளி விருது விழா. ஜப்பானியக் கலைஞரையும் அயல்நாட்டாரையும் ஒரே மேடையில் ஏற்றிய துணிவு பாராட்டற்குரியது. ஆயின், பரிசு எதற்கு என்னும் வினா எழாமலில்லை. குரலுக்கா, ஒளிப்பதிவுக்கா, இயக்குநர் திறனுக்கா? கோப்பையுடன் நிற்பவர் பெரும்பாலும் பாடகரே; காட்சியை எண்ணியெண்ணி அமைத்தவர் திரைக்குப் பின்னே நின்றுவிடுகிறார். நேயர் வாக்கோ, பாடலைவிடப் பாடகரின் பெயருக்கே எளிதில் விழுவது. அதனைத் திறனாய்வு எனக் கொள்வதற்கில்லை.

எனினும், 2011ஆம் ஆண்டு விழாவை இவ்வளவுகோலால் மட்டும் அளந்துவிட இயலாது. அவ்வாண்டு மார்ச் 11ஆம் நாள் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஜப்பானின் வடகிழக்குக் கரையைச் சிதைத்தன. விழா கைவிடப்படவில்லை, பெயரில் 'விருது' நீங்கி 'உதவி' என்னும் சொல் ஏறிற்று. ஜூன் 25ஆம் நாள், சீபாவிலுள்ள மக்குஹாரி மெஸ்ஸே அரங்கில், செஞ்சிலுவைச் சங்கத்திற்குத் துணையாக அது நடந்தேறியது. அணு உலை அச்சத்தால் அயலார் பலர் அந்நாடு செல்லத் தயங்கிய வேளையில், லேடி காகா நேரில் வந்து பாடினார். அவர் பாடியதினும் வந்ததே பெரிது எனல் மிகையன்று.

2012இல் 'விருது' என்னும் சொல் மீண்டும் பெயரில் அமர்ந்தது. பழைய வினாவும் உடன் வந்தது.