‘கேர்ள் மாடல்’: அறையும் ஒப்பந்தமும்

டேவிட் ரெட்மன், ஆஷ்லி சாபின் இருவரும் இயக்கிய ‘கேர்ள் மாடல்’ (2011) ஆவணப்படத்தின் உயிர்நிலை அதன் தோக்கியோ அறையே. சைபீரியாவிலிருந்து மாடலாக வந்த 13 வயது நாதியா, அதே தொழிலுக்கு வந்த மாட்லினுடன் அங்குத் தங்குகிறாள். உடலளவு ஒரு சென்டிமீட்டர் கூடினும் ஒப்பந்தம் முறியலாம் என்பது விதி. அவ்விதியையே கருவியாக்கி, மாட்லின் வேண்டுமென்றே உண்டு பருத்து ஊர் திரும்புகிறாள். வயிறார உண்பதே விடுதலைக்கு வழியாகும் இம்முரணை இயக்குநர்கள் அறிவுரை கூறாது காட்டியுள்ளமை பாராட்டத்தக்கது. ஆயினும், முன்பு தாமும் தோக்கியோவில் மாடலாக இருந்தவரான முகவரின் தன்னிலை விளக்கங்கள் படத்தில் மிகுதி. அவர் சலிப்பை இத்துணை நேரம் கேட்கவேண்டுமா? நாதியா கடனோடு திரும்பும் பகுதியன்றோ நீண்டிருத்தல் வேண்டும்!