பல் இல்லாத மலை ரயில்

வான்கூவரில் இருக்கும் அத்தை மகன் போன மாசம் ஒரு பிடிஎஃப் அனுப்பியிருந்தான். அங்கே உள்ள ஒரு டிராவல் ஏஜென்சியின் கையேடு. கனடாவின் ராக்கி மலைகளில் கண்ணாடிக் கூரை ரயிலில் இரண்டு நாள். அதோடு 'விருப்பமிருந்தால்' என்று ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அலாஸ்கா பனியாறுகளைப் பார்க்கக் கப்பல் பயணம். "மாமாவைக் கூட்டிட்டு வாடா, மலை ரயில்னா அவருக்கு உயிராச்சே" என்று கீழே ஒரு வரி.

முழுசாகப் படித்தேன். சாப்பாடு பற்றி இரண்டு பக்கம், இருக்கையின் சாய்வு பற்றி ஒரு பத்தி, 'மூச்சை நிறுத்தும்' என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டேன். அந்த ரயில் எப்படி மலை ஏறுகிறது என்று ஒரு வரி இல்லை. வான்கூவரில் இருந்து பான்ஃப் போகும் பாதையில் கிக்கிங் ஹார்ஸ் கணவாய் இருக்கிறது. முதலில் போட்ட பாதையில் அங்கே சரிவு 4.5 சதவீதம். வண்டிகள் கட்டுப்பாடு இழந்து ஓடின. 1909-ல் மலைக்குள்ளேயே சுருள் மாதிரி இரண்டு சுரங்கம் குடைந்து, பாதையின் நீளத்தைக் கூட்டி, சரிவைப் பாதியாக்கினார்கள். அந்தப் பாதையின் கதையே அதுதான். கையேட்டில் அந்த இடத்துக்குக் கிடைத்தது ஒரு படம், படத்தில் ஒரு ஒயின் கிளாஸ்.

இதைச் சொல்லி கனடாக்காரனைக் குறை சொல்ல வரவில்லை. நம்ம ஊர் பேக்கேஜ்காரர்கள் இதை அவர்களைவிட நன்றாகச் செய்கிறார்கள். எங்க வீட்டிலேயே நடந்தது.

அப்பா ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். தோல் போட்டுச் சுத்துகிற மர டிரம் பார்த்திருப்பீர்கள். இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் மாதிரி ஒரு பெரிய பல்சக்கரம், அதைக் கடிக்கிற சின்ன பினியன். பல் உடைந்தால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் அப்பாவைக் கூப்பிட ஆள் வரும். ஊட்டி ரயில் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த சட்டம் இருக்கிறது, எஞ்சினுக்கு அடியில் இருக்கிற பல்சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு ஏறுகிறது என்று யாரோ சொன்னதில் இருந்து, அதைப் பார்க்கணும் என்பது அவருக்கு ஒரு ஆசை. சோளிங்கர் பெரிய மலைக்கு ரோப் கார் வந்ததும் அழைத்துப் போனேன். 1305 படி ஏற அவர் முழங்கால் இனி ஒத்துழைக்காது. எல்லோரும் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட, இவர் கயிறு சுத்தி வருகிற பெரிய சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதனால் போன வருஷம் வேலூரில் ஒரு ஏஜென்சியிடம் 'நீலகிரி மலை ரயில் அனுபவம், இரண்டு இரவு மூன்று பகல், யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்' என்று இருந்த பேக்கேஜைப் போட்டேன். நோட்டீஸில் கரும்புகை விட்டுக்கொண்டு போகும் நீராவி எஞ்சின் படம். ஏரியில் படகு சவாரி விருப்பத்தின் பேரில், கட்டணம் தனி. வேனில் ஊட்டி வரை போனோம். மறுநாள் ஊட்டியில் ஏறி குன்னூரில் இறங்கினோம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. டீசல் எஞ்சின். அப்பா ஜன்னல் வழியாகக் குனிந்து குனிந்து தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அருவங்காடு தாண்டியதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பல்லு எங்கடா?"

பல் அங்கே கிடையாது. நானாவது முன்னாடியே தேடிப் படித்திருக்க வேண்டும், இன்ஜினியர் என்று பெயர்.

மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி வரை மொத்தம் 45.88 கிலோமீட்டர். கடல் மட்டத்தில் இருந்து 326 மீட்டரில் கிளம்பி 2203 மீட்டருக்கு ஏறுகிறது. 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம். இந்த எண்களை எல்லா விளம்பரமும் போடும். போடாதது இது: பல் சட்டம் இருப்பது கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் மட்டும்தான். சரிவு அங்கே 12.5 அடிக்கு ஒரு அடி, அதாவது 8 சதவீதம். கனடாவில் ஆபத்து என்று மாற்றிய சரிவைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. குன்னூருக்கு மேலே உள்ளதும் ஏற்றம்தான், ஆனால் பல் தேவைப்படாத ஏற்றம். மேட்டுப்பாளையம் - குன்னூர் 1899-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. ஊட்டி வரை நீண்டது 1908-ல். 2005-ல் யுனெஸ்கோ டார்ஜிலிங் ரயிலோடு இதைச் சேர்த்தபோது முழுப் பாதையையும்தான் சேர்த்தது. ஆனால் இந்தியாவில் வேறெங்கும் இல்லாத விஷயம் கீழ்ப்பாதியில்தான் இருக்கிறது.

அந்த விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இதற்காகத்தான் இந்தப் பதிவே. வழுக்கும் சரிவில் சக்கரத்தின் பிடிப்பை மட்டும் நம்பி ஏற முடியாது. 1882-ல் ரிகன்பாக் என்ற சுவிஸ் பொறியாளர் நீலகிரிக்கு ஒரு திட்டம் கொடுத்தார். அவருடைய முறை ஏணியைப் படுக்கப் போட்ட மாதிரி. கடைசியில் எடுத்துக்கொண்டது அதே நாட்டுக்காரரான ரோமான் ஆப்டின் முறையை. அதில் பல் வைத்த இரண்டு சட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் போகும். ஒன்றின் பல்லுக்கு நேரே இன்னொன்றின் பள்ளம் இருக்கும்படி தள்ளி வைத்திருப்பார்கள். ஒரு பல் பிடியை விடும்போது அடுத்தது ஏற்கெனவே பிடித்திருக்கும், அதனால் குலுக்கல் குறைவு. எஞ்சினில் நான்கு சிலிண்டர். இரண்டு சாதாரண சக்கரங்களுக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. பல் உள்ள இடத்தில் முதல் இரண்டில் வேலை செய்து முடித்த நீராவியையே அடுத்த இரண்டுக்கும் அனுப்புகிறார்கள். ஒரே ஆவிக்கு இரண்டு வேலை. ஏறும்போது எஞ்சின் இழுப்பதில்லை, பின்னாடி நின்று தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்மேன் கொடியோடு நிற்பார். முதலில் இந்த எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் இருந்து வந்தன. பிற்பாடு திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகச் செய்தார்கள். இந்தக் காலத்தில் நீராவி எஞ்சினைப் புதிதாகச் செய்த பணிமனை என்றால் சாதாரணமா? அது எந்த நோட்டீஸிலும் இல்லை.

பேக்கேஜ்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கீழிருந்து மேலே வழக்கமாகக் காலையில் ஒரே ஒரு வண்டி. இடம் கொஞ்சம். இருபது பேர் குழுவுக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக் கொம்பு. மழைக்காலத்தில் மண் சரிந்தால் நாள்கணக்கில் நிறுத்திவிடுவார்கள். குன்னூருக்கு மேலே ஒரு நாளைக்குச் சில வண்டிகள் உண்டு, பனி மூடிய கேத்தி பள்ளத்தாக்கும் லவ்டேலும் அழகு, இல்லை என்று சொல்லவில்லை. மூன்றாம் பிறையின் கடைசிக் காட்சி கேத்தி ஸ்டேஷன்தான், நம்ம மனசில் பதிந்த மலை ரயிலே அந்த மேல்பாதி. மேல்பாதியை விற்கட்டும். கீழ்ப்பாதியின் படத்தைப் போட்டு மேல்பாதியை விற்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இதில் சுவிஸ்காரர்களும் விதிவிலக்கில்லை. செயின்ட் மோரிட்ஸில் இருந்து செர்மாட் போகும் புகழ்பெற்ற ரயிலுக்கு 'பனியாறு எக்ஸ்பிரஸ்' என்று பெயர். 1930-ல் ஆரம்பித்தபோது கிளெட்ச் என்ற ஊருக்குப் பக்கத்தில் ரோன் பனியாறு ஜன்னல் வழியே தெரியும், பெயர் அதனால் வந்தது. 1982-ல் ஃபுர்கா மலைக்கு அடியில் 15 கிலோமீட்டர் சுரங்கம் திறந்தார்கள். அன்றிலிருந்து பனியாறு இல்லாத பனியாறு எக்ஸ்பிரஸ். பெயர் மட்டும் மாறவில்லை. கைவிட்ட பழைய மலைப் பாதையைத் தன்னார்வலர்கள் திரும்ப ஓட வைத்தார்கள். அதற்காக வியட்நாமின் தா லாட் மலைப் பாதைக்கு விற்றிருந்த பழைய எஞ்சின்களைத் தேடிப்பிடித்து 1990-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அங்கேயும் ஆப்ட் பல் சட்டம், எஞ்சின் அதே வின்டர்தூர் தயாரிப்பு. நீலகிரி எஞ்சினுக்குச் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அலாஸ்கா கப்பலுக்கு வருகிறேன். கையேடு சொல்லும் கிளேசியர் பே, 1750 வாக்கில் விரிகுடாவே கிடையாது, முழுக்க பனியாறு. அதற்குப் பிறகு பனி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் பின்வாங்கியதால்தான் கப்பல் போக வழி கிடைத்தது. பெரிய பயணக் கப்பல் நாளைக்கு இரண்டுக்கு மேல் அனுமதி இல்லை. கப்பல் மிதக்கும் தண்ணீரே உருகிப்போன பனியாறு இருந்த இடம் என்பது, எனக்குப் பனிச்சுவர் உடைந்து விழுவதைவிடப் பெரிய காட்சி. கையேட்டில் இதுவும் இல்லை.

அத்தை மகனுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜனவரிக்கு, மழை ஓய்ந்த பிறகு, இந்தத் தடவை பேக்கேஜ் இல்லாமல், காட்பாடியில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி விடியற்காலை மேட்டுப்பாளையத்தில் இறங்குவதாகத் திட்டம். அங்கிருந்து குன்னூர் வரை மட்டும் போதும் என்று அப்பா சொல்லிவிட்டார், ஊட்டி வேண்டாமாம். எந்தப் பெட்டியில் இடம் கேட்கிறது என்பதில்தான் இரண்டு நாளாகப் பேச்சு. வழிகாட்டிகள் எல்லாம் முன் பெட்டியைச் சொல்கின்றன, எஞ்சின் மறைக்காமல் பள்ளத்தாக்கு தெரியுமாம். அப்பாவுக்குக் கடைசிப் பெட்டி வேண்டும். எஞ்சினை ஒட்டி இருக்கும், ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கி நாலு எட்டு வைத்தால் போதும், முழங்காலுக்கும் அதுதான் சரி.